ஆழம் தெரியாமல் கத்தி வைக்காதே



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். ரொம்பச் சூடாக மட்டும் வேண்டாம். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

என்னோடு ஒரே பள்ளியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், 'கணக்கு சார்' என்றே வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு ஆடி மாதம் அவருக்குச் சாப்பாடு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. முதலில் சப்பாத்தி, அப்புறம் சோறு, அப்புறம் இட்லியைக்கூடச் சாம்பாரில் கரைத்துக் குடிக்கிற நிலை. 'வாயு' என்று சொல்லியே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். எண்டோஸ்கோப்பி பார்த்தபோது உணவுக்குழாயின் நடுவில் கட்டி. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய்.

அடுத்து சி.டி. ஸ்கேன். அதற்கும் அடுத்து டாக்டர் சொன்னாராம்: "எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் ஒன்று பார்க்கணும். அதுக்கப்புறம்தான் நேரே ஆபரேஷனா, இல்லை முதலில் கீமோவும் கதிர்வீச்சுமா என்று முடிவு பண்ண முடியும்."

அன்று இரவே அவர் மகன் எனக்குப் போன் செய்தான். என்னிடம் படித்த பையன். "சார், கட்டி இருக்குன்னு தெரிஞ்சாச்சு. கேன்சர்னும் தெரிஞ்சாச்சு. இன்னும் எதுக்கு சார் டெஸ்ட்டு? நாளைக் கடத்துறாங்களோன்னு பயமா இருக்கு. நேரா ஆபரேஷன் பண்ணி எடுத்துட வேண்டியதுதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், எங்கள் வீட்டில் ஐம்பது வருடமாகக் கிடக்கிற ஒரு கேள்வியின் மறுபக்கம் அது.

1975. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் இதே நோய். பேரியம் மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் ஒரு இடத்தில் எலி கடித்த மாதிரி குறுகியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள். "சீக்கிரமே முடிஞ்சிருச்சே, நல்ல சகுனம்" என்றார் சித்தப்பா. டாக்டர் வந்து சொன்னார்: "திறந்து பார்த்தோம். பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக்கிட்டிருக்கு. எடுக்க முடியலை. மூடிட்டோம்."

ஏழு வாரம் இருந்தார் அப்பா. அதில் பாதி நாள் அந்தத் தையல் ஆறுவதிலேயே போனது. அம்மா தன் கடைசிக் காலம்வரை அவ்வப்போது கேட்பார்: "எடுக்க முடியாதுன்னா எதுக்குடா வெட்டினாங்க?"

அந்த டாக்டர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அன்று உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். ஏன் அப்படி, அது எப்போது மாறியது என்பதைத்தான் இந்தச் சில மாதங்களாகத் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

*

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். வரலாற்றுக்கு முன் புவியியல் என்பது என் பழைய வழக்கம்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். முன்னால் மூச்சுக்குழாயும் இதயமும். பின்னால் முதுகெலும்பு. பக்கத்திலேயே உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி. இரண்டு புறமும் நுரையீரல். நெஞ்சுக்குள் இதைவிட நெரிசலான சந்து கிடையாது.

இந்தக் குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் அதற்குள் அடுக்குகள் உண்டு. நம் வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிப்பு, அதன் கீழே காரைப்பூச்சு, அதன் கீழே செங்கல், வெளியே இன்னொரு பூச்சு. உணவுக்குழாயில் உள்ளே மெல்லிய சளிச்சவ்வு, அதன் அடியில் தளர்வான ஓர் அடுக்கு, பிறகு தசை, கடைசியாக மேலே சுற்றிய நார்த்திசு. இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே ஒரு வழவழப்பான உறை இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அதுவும் இல்லை. தசையைத் தாண்டிவிட்டால் நோய்க்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

புற்றுநோய் வெள்ளையடிப்பில் தொடங்குகிறது. அங்கேயே இருக்கும்வரை ஏறத்தாழ அது ஒரு கறைதான். காரைக்குள் இறங்கினால் ஆபத்து, ஏனென்றால் அந்தத் தளர்வான அடுக்கில் நிணநீர் நாளங்கள் வலைபோல் ஓடுகின்றன. நோய் அதில் ஏறிப் பயணம் புறப்பட்டுவிடும். செங்கல்லைத் தாண்டினால் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுச் சுவரோடு, அதாவது மகாதமனியோடோ மூச்சுக்குழாயோடோ ஒட்டிவிட்டால் கத்தியால் பிரிக்க முடியாது.

ஆக, இந்த நோயில் முக்கியக் கேள்வி 'எவ்வளவு பெரிது' என்பதல்ல, 'எவ்வளவு ஆழம்' என்பது. இது இன்று சொல்ல எளிது. அந்த ஆழத்தை அளக்க மனிதனுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

*

முதலில் கண் போனது. 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், நேரான உலோகக் குழாய் ஒன்றைத் தொண்டை வழியே உள்ளே இறக்கிப் பார்க்க நினைத்தார். யார் அதை விழுங்குவார்கள்? கத்தி விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைப் பிடித்தார். திருவிழாக் கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போமே, அந்த வித்தைதான். தலையை அண்ணாந்து தொண்டையை நேராக்கத் தெரிந்த அந்த மனிதர் குழாயை விழுங்கிக் காட்டினார். குழாய் போனது, வெளிச்சம்தான் போதவில்லை.

1957-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துச் செய்த வளையும் எண்டோஸ்கோப்பைத் தன் தொண்டைக்குள் தானே செலுத்திப் பார்த்தார். அந்த யோசனைக்கு வித்திட்ட 1954-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் ஒன்றை எழுதியவர்கள் லண்டனில் இருந்த ஹரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நம் நரிந்தர் சிங் கபானியும்.

கண் கிடைத்துவிட்டது. ஆனால் கண் எதைப் பார்க்கும்? வெள்ளையடிப்பைத்தான். சுவரில் ஈரக்கறை தெரிகிறது. அது பூச்சோடு நிற்கிறதா, செங்கல்வரை ஊறிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது.

கத்தியோ அதற்குள் தன் போக்கில் வெகுதூரம் போய்விட்டது. 1913 மார்ச்சில் நியூயார்க்கில் ஃப்ரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர், 67 வயதுப் பெண்மணி ஒருவரின் நெஞ்சைத் திறந்து உணவுக்குழாயைக் கட்டியோடு எடுத்தார். எடுத்த இடத்தை எதைக்கொண்டு இணைப்பது என்று அன்று தெரியாது. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்துவிட்டார். அந்த அம்மாள் சாப்பிட்டது கழுத்துக்கு வெளியே வந்து, ரப்பர் குழாயில் இறங்கி, மறுபடி வயிற்றுக்குள் போனது. அப்படியே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்!

அந்த வெற்றி எல்லோருக்கும் நம்பிக்கை தந்தது. 1946-ல் ஐவர் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் தயார் செய்து, பிறகு வலது நெஞ்சு வழியே கட்டியை எடுத்து, இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் முறையை எழுதினார். இன்றும் அவர் பெயரில் அந்த ஆபரேஷன் நடக்கிறது.

எடுக்கத் தெரிந்துவிட்டது. யாருக்கு எடுக்கலாம் என்பது மட்டும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இருந்த நம்பகமான வழி ஒன்றே ஒன்று: திறந்து பார்ப்பது.

*

இங்கே ஒரு கணக்கு வருகிறது. கணக்கு சார் பாடம் இது, ஆனாலும் நான் எடுக்கிறேன்.

1980-ல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் எர்லாம், குன்யா-மெலோ என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை உலகெங்கும் வந்த 122 ஆய்வுகளைச் சேர்த்து, 83,783 நோயாளிகளின் கதையைக் கூட்டிப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் செதிள்வகைப் புற்றுநோய் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது?

100 பேரில் 58 பேருக்குத்தான் ஆபரேஷன் முயற்சி. அதில் 39 பேருக்குத்தான் கட்டியை எடுக்க முடிந்தது. அந்த 39 பேரில் 13 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மீதி 26 பேர் வீடு திரும்பினார்கள். ஒரு வருடம் கழித்து 18. இரண்டு வருடம் கழித்து 9. ஐந்து வருடம் கழித்து 4.

நூற்றுக்கு நாலு.

எல்லோரும் அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து அதிர்வார்கள். நான் நடுவில் ஒரு கழித்தல் போட்டேன். 58-லிருந்து 39-ஐக் கழித்தால் 19. உடலைத் திறந்தும் கட்டியை எடுக்க முடியாமல் போனவர்கள் அந்த 19 பேர். அந்த 19-ல் ஒருவர் என் அப்பா. அம்மாவின் கேள்விக்கான எண் அது.

அப்போது சி.டி. ஸ்கேன் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது அது. சில ஆண்டுகளில் உடலையும் எடுத்தது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ நோய் பரவியிருந்தால் காட்டிவிடும். ஆனால் சுவர் தடித்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்த அடுக்குவரை தடித்திருக்கிறது என்று சொல்லாது. வீட்டை வானத்திலிருந்து படமெடுத்த மாதிரி. வீடு தெரியும், சுவரின் காரை தெரியாது.

*

கண்ணால் முடியாததைக் காது செய்தது.

பானை வாங்கப் போனால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடிக்கும். அல்ட்ராசவுண்டின் தத்துவமும் ஏறக்குறைய அதுதான். நம் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பினால், ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் கொஞ்சம் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் கிடைக்கும். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும்வரை எண்ணுவோமே, அந்த மாதிரி. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பிறந்த வித்தை இது.

இதைக் குடலுக்குத் திருப்பியவர் ஜான் வைல்டு. இங்கிலாந்துக்காரர். லண்டன்மேல் குண்டு விழுந்த காலத்தில், குண்டுவெடிப்பின் அதிர்வில் குடல் வீங்கிச் செயலிழந்த நோயாளிகளைப் பார்த்தவர். போருக்குப் பின் அமெரிக்காவின் மினியாபொலிஸுக்குப் போனார். குடல் சுவரின் தடிமனை வெளியிலிருந்தே அளக்க முடியுமா என்பது அவர் கேள்வி. கடற்படை விமானிகளுக்கு ரேடார் பயிற்சி தருவதற்காக இருந்த 15 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று கிடைத்தது. அதில் குடல் துண்டை வைத்துப் பார்த்தபோது, சுவரின் அடுக்குகள் தனித்தனி எதிரொலியாக வந்தன. புற்று இருந்த திசுவின் எதிரொலி வேறாக இருந்தது. 1950-ல் அதை எழுதினார். நாம் பேசும் கதையின் விதை அதுதான்.

வைல்டை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. அல்ட்ராசவுண்டை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்த பெயர் ஸ்காட்லாந்தின் இயன் டொனால்டுக்குப் போனது. 1955-ல் அவர் பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இரும்புத் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அவர்களது ஒலிக்கருவியில் அவற்றை வைத்துப் பார்க்க. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியைத் தொழிற்சாலைக்காரர்களே கொடுத்தார்கள். பிறகு ஒரு பெண்மணி, வயிற்றில் முற்றிய புற்றுநோய், இனி செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர். டொனால்டு ஒலியனுப்பிப் பார்த்தார். அது புற்றே இல்லை, சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி. எடுத்தார்கள், பிழைத்தார். 1958-ல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் உணவுக்குழாய்க்கு இது உதவவில்லை. ஒலி, காற்றைக் கண்டால் நின்றுவிடும். எலும்பைக் கண்டாலும் அப்படியே. உணவுக்குழாயைச் சுற்றி நுரையீரல் முழுக்கக் காற்று, முன்னும் பின்னும் எலும்பு. நெஞ்சின் மேல் கருவியை வைத்து எவ்வளவு தேடினாலும் அந்தச் சந்துக்குள் ஒலி போகாது.

வெளியிலிருந்து போக முடியாதென்றால் உள்ளிருந்து போக வேண்டியதுதான். கண்ணோடு காதையும் சேர்த்துக் கட்டி இறக்க வேண்டும்.

*

1980-ல் அது நடந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் டிமாக்னோவின் குழு, எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி நாய்களில் சோதித்து எழுதியது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஸ்ட்ரோம், கிளாஸன் குழுவினர் ஜப்பானில் செய்த கருவியைக் கொண்டு மனிதர்களில் பார்த்து எழுதினார்கள்.

அவர்கள் யாரும் உணவுக்குழாயைத் தேடிப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்களுக்கு வேண்டியிருந்தது கணையம். வயிற்றின் ஆழத்தில், குடல் காற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தை இரைப்பைக்குள்ளிருந்து பார்த்துவிடலாம் என்ற ஆசை. கணையத்துக்குப் போகிற வழியில் உணவுக்குழாய் இருந்தது. வழியில் கண்ட புதையல் இது.

நுனியைச் சுற்றி ஒரு சிறு பலூன் மாட்டி, அதில் தண்ணீர் நிரப்பினார்கள், இடையில் காற்று நிற்காமலிருக்க. 7.5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ்வரையிலான ஒலி. அதிர்வெண் கூடக்கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் தூரம் போகாது. உணவுக்குழாய்ச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் தூரம் பற்றிக் கவலையில்லை. திரையில் மரத்தின் வளையங்கள் போல ஐந்து வட்டங்கள் வந்தன. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. மூன்றாவது வெள்ளைதான் அந்த ஆபத்தான தளர்வான அடுக்கு. நான்காவது கறுப்பு, தசை. ஐந்தாவது, வெளி நார்த்திசு. கட்டி ஒரு கறுப்புக் கறையாக வரும். எத்தனை வட்டத்தை அது அழித்திருக்கிறது என்று எண்ணிவிட்டால் ஆழம் தெரிந்துவிடும்.

அளக்கும் கோல் வந்தது. அளவுகளை எழுதும் சட்டம் மாற வேண்டாமா? புற்றுநோயின் நிலையை டி, என், எம் என்ற மூன்று எழுத்தில் குறிக்கும் முறையை 1940-களில் பிரான்ஸின் பியர் டெனுவா தொடங்கினார். டி என்றால் கட்டி, என் என்றால் நிணநீர் முடிச்சு, எம் என்றால் தூரப் பரவல். உணவுக்குழாய்க்கு வெகுகாலம் டி என்பதை, கட்டி 5 சென்டிமீட்டருக்கு உள்ளா வெளியா, வழி அடைபட்டிருக்கிறதா என்று வைத்தே எழுதினார்கள். கண்ணும் எக்ஸ்ரேயும் காட்டியது அவ்வளவுதானே. 1987-ல் அதை மாற்றி, ஆழத்தை அளவாக்கினார்கள். முதல் இரண்டு அடுக்குகளோடு நின்றால் டி1, தசைக்குள் என்றால் டி2, தசையைத் தாண்டினால் டி3, பக்கத்து உறுப்பைத் தொட்டால் டி4.

கோல் சரியாக அளக்கிறதா என்று சோதித்தவர்களில் முக்கியமானவர் ஆம்ஸ்டர்டாமின் டியோ. அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்குள் கருவியை விட்டுப் பார்ப்பார். ஆபரேஷனில் எடுத்த திசுவை மறுபடியும் அதே ஒலியில் பார்ப்பார். பிறகு நுண்ணோக்கியின் கீழ் வெட்டிப் பார்த்ததோடு ஒப்பிடுவார். விடைத்தாளைத் தானே திருத்தாமல் இன்னொருவர் கையில் கொடுப்பது மாதிரி. 1989-ல் 74 நோயாளிகளின் முடிவு வந்தது. ஆழத்தைச் சரியாகச் சொன்னது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் 89 சதவீதம். அதே நோயாளிகளில் சி.டி. ஸ்கேன் 59 சதவீதம்.

மூன்றாண்டு கழித்து டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழு, இந்தக் கருவி வழியாகவே ஊசியைச் செலுத்திக் கணையத்தில் திசு எடுத்தது. பிறகு அதே ஊசி, உணவுக்குழாய்ச் சுவரைத் தாண்டிச் சந்தேகமான நிணநீர் முடிச்சுகளையும் குத்தியது. முடிச்சு பெருத்திருக்கிறது என்பது வேறு, அதில் நோய் இருக்கிறது என்பது வேறு. ஊசி அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. கட்டியின் ஊடாக மட்டும் ஊசி போகக் கூடாது. போனால் நோயை நாமே சுமந்துபோய் முடிச்சில் வைத்த மாதிரி.

*

சரி, ஆழம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கணக்கு சார் மகன் கேட்டது இதைத்தான்.

சளிச்சவ்வோடு நிற்கும் கட்டி நிணநீர் முடிச்சுக்குப் போவது மிக அரிது. அப்படிப்பட்டவருக்கு நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். எண்டோஸ்கோப் வழியாகவே அந்தப் பகுதியைச் சீவி எடுத்துவிடலாம். ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்த வித்தை இது. எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இறுதித் தீர்ப்பு. காரைக்குள் இறங்கிவிட்டால், சுமார் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ முடிச்சுகளில் நோய் இருக்கும். அவர்களுக்குச் சீவி எடுப்பது பொதுவாகப் போதாது.

தசையைத் தாண்டியவர்களுக்கு, அல்லது முடிச்சுக்குப் போனவர்களுக்கு, நேரே கத்தி வைத்தால் ஓரத்தில் நோய் தங்கிவிடும். நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளியான 'கிராஸ்' ஆய்வில் 366 பேர். ஒரு பாதிக்கு நேரே ஆபரேஷன். மறுபாதிக்கு ஐந்து வாரம் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து, பிறகு ஆபரேஷன். நேரே ஆபரேஷன் செய்தவர்களில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 24 மாதம். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் அது 49 மாதம். இரண்டு மடங்கு! இந்த ஆய்வில் சேர்க்கும் முன் நோயின் ஆழத்தை எதைக்கொண்டு பார்த்தார்கள் தெரியுமா? எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டும் அதில் ஒன்று.

அப்படியானால் எல்லோருக்குமே முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துவிடலாமே? பிரான்ஸில் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. ஆயுள் கூடவில்லை, ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள்தான் கூடினார்கள். ஒருவருக்கு உயிர் தரும் சிகிச்சை இன்னொருவருக்கு வீண் தண்டனை. இருவரையும் பிரிப்பது சில மில்லிமீட்டர்.

பிரிட்டனில் 213 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தப் பரிசோதனை செய்தார்கள், மறுபாதிக்குச் செய்யவில்லை. 2013-ல் வந்த முடிவு: பரிசோதனை செய்த குழுவில், ஆபரேஷனில் கட்டி முழுதாக வெளியே வந்தது 91 சதவீதம் பேருக்கு. செய்யாத குழுவில் 80. சராசரி ஆயுளும் சுமார் நான்கு மாதம் கூடியது. இதில் மருந்து எதுவும் இல்லை, கத்தியும் இல்லை. அளந்து பார்த்ததால் மட்டும் கிடைத்த நான்கு மாதம்.

*

இந்தக் கருவியைத் தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. தவறுகளையும் சொன்னால்தான் வரலாறு.

கட்டி வழியை அடைத்திருந்தால் கருவி நுழையாது. அந்த நாளில் வழியை விரித்துவிட்டு உள்ளே செலுத்தினார்கள். 1993-ல் வந்த ஓர் அமெரிக்க அறிக்கையில், அப்படி விரித்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் குழாய் கிழிந்திருந்தது. அளக்கப் போய் ஆபத்து. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. அவ்வளவு இறுக்கமான அடைப்பு இருந்தாலே நோய் பெரும்பாலும் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கருவி நுழையவில்லை என்பதே ஓர் அளவு! பிறகு மெல்லிய கருவிகள் வந்தன, நிதானமாக விரிக்கவும் கற்றார்கள்.

டி2 நிலையில் இது அடிக்கடி தடுமாறுகிறது. கட்டியைச் சுற்றிய வீக்கத்தையும் கட்டி என்றே எண்ணிவிடும். கதிர்வீச்சுக்குப் பிறகு பார்த்தால் தழும்பு எது, நோய் எது என்று பிரித்துச் சொல்லத் திணறுகிறது. நெஞ்சுக்குத் தூரமான இடங்களுக்கு பெட் ஸ்கேன்தான் வேண்டும். பார்ப்பவரின் அனுபவமும் பெரிய விஷயம். கோல் ஒன்றுதான், பிடிக்கும் கை வேறு வேறு.

*

மறுநாள் காலை அந்தப் பையனுக்கு நானே போன் செய்தேன். இவ்வளவும் சொல்லவில்லை. இதுதான் சொன்னேன்: "தம்பி, உங்க அப்பாவே உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். கணக்கில் கேள்வியை முழுசாப் படிக்காம விடை போடக் கூடாதுன்னு. இந்த டெஸ்ட்டு கேள்வியைப் படிக்கிறது. ஆபரேஷன் விடை. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்ம ஊர்லயே சொல்லியிருக்காங்க. போய்ப் பார்த்துட்டு வாங்க."

பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. கட்டி தசையைத் தாண்டியிருந்தது. மகாதமனியைத் தொடவில்லை. இரண்டு முடிச்சில் சந்தேகம். ஆக டி3. முதலில் கீமோவும் கதிர்வீச்சும் என்று முடிவானது. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அது இருபத்து மூன்று நாள். ஆபரேஷன் தை மாதம் நடந்தது. அன்று நானும் போயிருந்தேன். முதல் ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கவில்லை. எனக்கு அதுதான் நல்ல சகுனம். ஏழு மணி நேரம் ஆனது.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். படுக்கும்போது தலையணை உயரமாக வேண்டும். பதினொரு கிலோ இளைத்துவிட்டார். 'தேறிட்டீங்க சார்' என்றால் ஒப்புக்கொள்வதில்லை. "அஞ்சு வருஷம் தாண்டட்டும்யா. அப்புறம் விடை சரின்னு டிக் போடலாம்" என்கிறார். கணக்கு வாத்தியார் அல்லவா?

அம்மா இன்று இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "அப்பாவை எதுக்கு வெட்டினாங்கன்னு கேட்டியேம்மா. அன்னிக்கு ஆழம் பார்க்க வேற வழி இல்லை. அவங்க கையில் இருந்த ஒரே அளவுகோல் அந்தக் கத்திதான்." இது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, தெரியவில்லை. கேள்விக்குப் பதில் என்ற அளவிலாவது இருந்திருக்கும்.

கடைசியாக, வாத்தியார் புத்தி போகாது. மூன்று விஷயம்.

ஒன்று. விழுங்கும்போது உணவு நெஞ்சில் நின்றால், அதுவும் திட உணவில் தொடங்கி நாளுக்கு நாள் கூடினால், வாயு என்று ஓட்டாதீர்கள். எண்டோஸ்கோப்பி பாருங்கள். கணக்கு சார் வீணாக்கிய இரண்டு மாதத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

இரண்டு. புகை, மது, புகையிலை போட்ட வெற்றிலை பாக்கு இந்த நோயை அழைத்து வருபவை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் இதற்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது. ஆரம்பத்தில் காபியை ஆற்றிக் குடிக்கச் சொன்னது அதனால்தான். டபராவில் ஆற்றிக் குடித்த நம் பெரியவர்கள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

மூன்று. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் இன்னொரு பரிசோதனை சொன்னால், 'எதற்கு' என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் 'இதன் முடிவைப் பொறுத்து என்ன மாறும்' என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால், அந்தப் பரிசோதனை நாள் கடத்துவதற்காக அல்ல.

நான் மருத்துவன் இல்லை. சிகிச்சைக்கு என் பதிவை நம்பாமல் உங்கள் டாக்டரை நம்புங்கள். இந்தப் பக்கம் வரும் மருத்துவ நண்பர்கள், குறிப்பாக என் பழைய மாணவர்கள், பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வகுப்பில் உங்கள் பிழைகளை எத்தனை தடவை சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! இப்போது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்